பஞ்சர் போடலாமா, டயரையே மாற்றலாமா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். பைக்கின் பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாதது), அளவு 100/90-17. நடுவில் ஏறியிருந்தால் ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரியைச் செருகிவிட்டுப் போயிருப்பேன். இது ஓரத்தில், பக்கச்சுவருக்கு ஒரு விரல் தள்ளி. வளைவில் சாயும்போது அங்கேதான் ரப்பர் மடங்கும், திரி நிற்காது என்கிறார் எங்கள் பஞ்சர் கடை அண்ணன். டயரைக் கழற்றி உள்பக்கம் மஷ்ரூம் பேட்ச் (ஓட்டைக்குள் நுழையும் தண்டோடு காளான் வடிவில் இருக்கும் ஒட்டு) ஒட்டினால் தாங்கும் என்கிறார் ஆரியங்காவு சேட்டன். யாரை நம்ப?

டயரில் 3219 என்று இருக்கிறது, அதாவது 2019-இன் 32-வது வாரத் தயாரிப்பு. வயசாகிவிட்டது, சரி. ஆனால் பட்டன் (சாலையில் படும் ரப்பர் கட்டிகள்) இன்னும் தேய்மானக் குறியைத் தொடவில்லை, தூக்கிப்போட மனசு வரவில்லை. ஓரத்தில் பேட்ச் போட்டு மழையில் மலை ஏறி இறங்கியவர்கள் யாராவது உண்டா? அப்புறம், மாற்றுவதென்றால் ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும் டயர் எது? தென்காசியில் வாங்கலாமா, புனலூரிலா?