சரிவான தோட்டத்தில் ரைடிங் மோவர்: நேரில் கண்ட அனுபவங்கள்

பல்லாவரம் குடியிருப்போர் சங்க உறுப்பினர்:

எங்கள் குடியிருப்பின் பின்புறம் மலையடிவாரத்தை ஒட்டியிருக்கிறது. புல்தரையில் பாதி சமதளம், பாதி சரிவு. இடையிடையே வேப்ப மரங்கள், பழைய கிணற்றின் கைப்பிடிச்சுவர், மண்ணிலிருந்து தலைநீட்டும் பாறைகள். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை சார்னோக்கைட் வகையைச் சேர்ந்தது. அதில் உரசினால் புல்வெட்டியின் பிளேடுதான் மழுங்குமே தவிர, கல்லுக்கு ஒன்றும் ஆகாது. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியான ரைடிங் மோவர் வாங்கலாம் என்று பொதுக்குழுவில் பேச்சு எழுந்ததும், விற்பனையாளர் ஒருவர் ஸ்டீயரிங்குக்குப் பதில் இரண்டு லீவர்களால் ஓட்டும் ஜீரோ டர்ன் வண்டியொன்றைச் செயல்விளக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

சமதளத்தில் அது ஓடிய நேர்த்தியைக் குறை சொல்ல முடியாது. இரண்டு மரங்களுக்கு நடுவே நின்ற இடத்திலேயே திரும்பியது. பிறகு சரிவில் குறுக்காக ஓட்டினார்கள். காலையில் தெளிப்பான் ஓடியிருந்ததால் புல்லில் ஈரம் இருந்தது. பாதி தூரம் போனதும் வண்டியின் முன்பகுதி மெல்லக் கீழ்ப்பக்கமாகத் திரும்பியது. ஓட்டியவர் இரண்டு லீவர்களையும் முழுமையாகப் பின்னுக்கு இழுத்துவிட்டார். பின்சக்கரங்கள் பின்னோக்கிச் சுழல்வதையும், வண்டி முன்னோக்கியே வழுக்கிச் செல்வதையும் ஒரே நேரத்தில் பார்த்தேன். பிளேடுகளை மூடியிருக்கும் டெக் ஒரு பாறையில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. "ஈரம் சார், காய்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது" என்றார் விற்பனையாளர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எங்கள் புல் எப்போது காய்ந்திருக்கிறது? இத்தகைய இடத்தில் வண்டி ஓட்டியவர்களோ, ஓட்டப் பார்த்தவர்களோ தாங்கள் கண்டதை எழுதினால், அடுத்த கூட்டத்துக்கு முன் உறுப்பினர்களிடம் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

முட்டுக்காடு தென்னந்தோப்புக்காரர்:

ஐயா, நீங்கள் சரிவைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள்; எனக்கு இடையூறுகளின் மீதுதான் பயம். எங்கள் தோப்பில் மேடு பள்ளம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் தென்னம்பாத்திகளும், சொட்டுநீர்க் குழாய்களும், எந்நேரமும் விழுந்துகொண்டிருக்கும் மட்டையும் குரும்பையும் உண்டு. வாடகைக்கு எடுத்த வண்டி ஒன்று பாத்தியின் ஓரத்தில் பதித்திருந்த செங்கல்லைத் தொட்டது. பக்கவாட்டில் புல் வெளியேறும் வாய்வழியாக அரைச் செங்கல் பறந்துபோய், நிழலில் நின்றிருந்த காரின் கதவில் உள்ளங்கை அகலத்துக்குக் குழிவு விழுந்தது. மட்டை பொறுக்கும் அம்மாள் தண்ணீர் குடிக்க உட்காரும் இடம் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான். அன்று அவர் கிணற்றடியில் இருந்தார்.

ஆகவே வண்டியை எடுப்பதற்கு முன் ஒருவர் தரை முழுவதும் நடந்து பொறுக்கிவர வேண்டும். புல் வெளியேறும் வாயை மூடும் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கத்தையும் அனுமதிக்கக் கூடாது. அகலமான டெக் வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். தென்னைக்குத் தென்னை 25 அடி, பாத்தி ஆறடி ஆரம் என்று வைத்தாலும் நடுவில் 13 அடி மிஞ்சுகிறது, 54 அங்குல டெக் தாராளமாகப் போகும் என்று கணக்கும் காட்டுவார்கள். ஆனால் ஒரு பக்கச் சக்கரம் வரப்பில் ஏறினால் மறுபக்க பிளேடு மண்ணைச் சீவிவிடும், அந்த வட்டத்தில் புல் மீண்டும் வரப் பல வாரங்கள் ஆகும். மேடு பள்ளமான தரைக்கு 42 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

ஏற்காட்டில் வீடு வைத்திருக்கும் மயிலாப்பூர்வாசி:

என்னிடம் இருப்பது ஸ்டீயரிங் உள்ள லான் டிராக்டர். நான் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சரிவில் ஏறிக்கொண்டிருந்தபோது இன்ஜின் திணறி, வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. அவர் பிரேக்கை மிதிப்பதற்குப் பதில், சைக்கிளை நிறுத்துவதுபோல் இடது காலை எடுத்துத் தரையில் ஊன்றினார். பிளேடு அப்போதும் சுழன்றுகொண்டிருந்தது. செருப்பின் வார் அறுந்ததோடு போயிற்று. இருக்கையிலிருந்து எழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறது என்று நாம் தைரியமாக இருக்கிறோம். உட்கார்ந்தபடியே காலை மட்டும் இறக்கினால் அந்த சுவிட்ச் என்ன செய்யும்?

பல்லாவரம் நண்பருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் சரிவை அளந்துவிடுங்கள். கொத்தனாரிடம் உள்ள ரசமட்டமும், ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையும் போதும். பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கத் தரையில் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை மறுமுனையை உயர்த்திப் பிடித்து, அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பதினேழரை சென்டிமீட்டர் என்றால் சரிவு 10 டிகிரி. 27 சென்டிமீட்டர் என்றால் 15 டிகிரி. லான் டிராக்டர்களின் கையேடுகள் பெரும்பாலும் 15 டிகிரியை எல்லையாகச் சொல்கின்றன. ஜீரோ டர்ன் வண்டிகள் சிலவற்றுக்கு 10 டிகிரிதான். ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாமல் மிகச் செங்குத்தான இடத்தைத் தேடி அளக்க வேண்டும், ஏனென்றால் வண்டி வழுக்குவதற்குச் சராசரிச் சரிவு காரணமாவதில்லை.

அடுத்தது ஓட்டும் திசை. உட்கார்ந்து ஓட்டும் வண்டியைச் சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்காக ஓட்டினால் பக்கவாட்டில் கவிழும். கையால் தள்ளும் வண்டிக்கு நேர்மாறாகக் குறுக்கே நடக்க வேண்டும், இல்லையென்றால் வழுக்கும்போது வண்டி நம் காலின் மீது ஏறும். உங்களுக்குச் செயல்விளக்கம் காட்டியவர் குறுக்காக ஏற்றியதே முறையல்ல. இறங்கும்போது வேகம் குறைவாக இருக்க வேண்டும், நியூட்ரலில் விடவே கூடாது, சரிவின் நடுவில் நிறுத்துவதையும் திருப்புவதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். ஒரு சரிவில் வண்டியைப் பின்னோக்கி ஏற்ற முடியவில்லை என்றால் அந்தச் சரிவில் வண்டிக்கு வேலையில்லை என்று கையேடுகள் சொல்லும் விதியை எங்கள் ஏற்காட்டுச் சரிவில் சோதித்துப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது.

அண்ணா நகர், ஓய்வுபெற்ற ஆசிரியை:

மகளைப் பார்க்கப் பென்சில்வேனியா போயிருந்தபோது கண்டதை எழுதுகிறேன். அங்கே மேடும் இறக்கமுமாக வீட்டைச் சுற்றிப் புல்தரை. சனிக்கிழமை என்றால் தெருவெங்கும் இந்த வண்டிகளின் சத்தம்தான். அடுத்த வீட்டுப் பெரியவரின் ஜீரோ டர்னில் இருக்கைக்குப் பின்னால் தலைக்கு மேல் உயரும் இரும்பு வளைவு ஒன்று இருந்தது. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காப்பது அந்த வளைவும் இருக்கைப் பட்டையும்தான். வளைவு நிமிர்ந்திருக்கும்போது பட்டையைக் கட்டாயம் அணிய வேண்டும் என்றும், மடித்திருக்கும்போது அணியவே கூடாது என்றும் மருமகன் விளக்கினார். வளைவு மடிந்த நிலையில் பட்டையால் கட்டுண்டு கிடந்தால், கவிழும் வண்டியிலிருந்து விலகித் தப்ப வழியிருக்காது.

அந்தப் பெரியவர் ஆப்பிள் மரத்தின் தாழ்ந்த கிளைக்கு அடியில் புகுவதற்காக ஊசியை உருவி வளைவை மடித்தார். மரத்தைச் சுற்றி முடித்ததும் அதை நிமிர்த்தாமல், பட்டையையும் கழற்றாமல், நேரே சாலையோரப் பள்ளத்தின் விளிம்புக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தேன், கத்தினாலும் கேட்டிருக்காது. அவர் பத்திரமாகவே திரும்பிவந்தார். ஆயினும் மடிந்து கிடந்த அந்தக் கம்பியும் அதற்கு அப்பால் சரிந்திறங்கிய பள்ளமும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன.

இங்கே ஒருவர் சரிவைச் சொல்கிறார், ஒருவர் இடையூறுகளைச் சொல்கிறார். இரண்டும் ஒரே தோட்டத்தில் சேரும்போதுதான் ஆபத்து, ஏனென்றால் கிளைக்காக ஒரு பாதுகாப்பை மடித்துவிட்டுச் சரிவில் அது இல்லாமல் போகிறோம். பல்லாவரத்து வேம்புகளின் தாழ்ந்த கிளைகளை வண்டி வருவதற்கு முன்பே கழித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தாம்பரம், தோட்டப் பராமரிப்பு ஒப்பந்ததாரர்:

மயிலாப்பூர் ஐயா சொன்ன அளவு முறை சரி. ஆனால் 15 டிகிரி என்பதைப் பிடித்துக்கொண்டு 14 டிகிரியில் நிம்மதியாக ஓட்டலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஈரப் புல், எலி வளை, மறைந்த குழி, பின்னால் மாட்டிய புல் சேகரிப்புப் பெட்டி ஆகிய எல்லாமே அந்த எல்லையைக் கீழே இறக்கிவிடும். பெட்டி நிறைய நிறைய ஏற்றத்தில் முன்சக்கரங்கள் இலேசாவதை ஓட்டுபவர் ஸ்டீயரிங்கிலேயே உணரலாம். பல்லாவரத்தில் நடந்ததற்குக் குறுக்காக ஓட்டியது மட்டுமே காரணம் என்பதையும் நான் ஏற்கவில்லை. ஜீரோ டர்னில் திருப்புவது, நிறுத்துவது இரண்டுமே பின்சக்கரங்களின் வேலை. முன்சக்கரங்கள் சும்மா உருள்பவை. இறக்கத்தில் எடை முன்னால் போய்ப் பின்சக்கரம் பிடிப்பை இழந்துவிட்டால், திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. நேராக இறக்கியிருந்தாலும் அதே ஈரத்தில் அதே பாறைக்குத்தான் போயிருக்கும்.

நான் கண்டதும் இதைப் போன்றதே. ஒரு கல்வி வளாகத்தில், மழை விட்டு வெயில் அடித்த மதியம், எங்கள் ஆள் குளக்கரையை ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மேற்பரப்பு காய்ந்துதான் இருந்தது. அடியில் களிமண் ஊறியிருந்தது. கரையின் விளிம்பு சக்கரத்தோடு சேர்ந்து ஒரு துண்டாகப் பிளந்து இறங்கியது. ஆள் மேல்பக்கமாகக் குதித்துவிட்டார். அதற்குப் பிறகு நீர்நிலையின் ஓரத்தில் எந்த வண்டியையும் நான் விடுவதில்லை.

சென்னையில் இந்த வண்டிக்கு உள்ள அடிப்படைச் சிக்கல் பருவமழைதான். ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. புல் வேகமாக வளரும் அதே மாதங்களில் சரிவு முழுவதும் ஈரமாகவே இருக்கும். அதாவது, வண்டி மிகவும் தேவைப்படும்போது சரிவில் அதை எடுக்க முடியாது. எனவே சரிவை வண்டியின் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு, சமதளம் எத்தனை கிரவுண்டு மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்டு; அதில் பாதிகூடத் தேறவில்லை என்றால் கையால் தள்ளும் வண்டியே போதும் என்பேன். சரிவுக்குக் கையில் பிடித்து வெட்டும் பிரஷ் கட்டர் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது புல்லையே எடுத்துவிட்டு வெட்டிவேர் நடுங்கள்; மண் அரிப்பும் நிற்கும். பாறைகளையும் மரங்களையும் தனித்தனியாகச் சுற்றுவதற்குப் பதில், அருகருகே உள்ளவற்றை ஒரே பாத்திக்குள் அடக்கிச் சருகு மூடாக்குப் போட்டால், வண்டி ஒரே வளைவில் போய்விடும். பிரஷ் கட்டரின் நைலான் நரம்பு வேம்பின் பட்டையைச் சுற்றிலும் உரித்து மரத்தையே கொன்றுவிடும் என்பதாலும் மரத்தடியில் புல் இல்லாமல் இருப்பது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு ரைடிங் மோவர்தான் வேண்டும் என்றால், டெக் முன்னால் இருக்கும் வகையைப் பாருங்கள். ஹஸ்க்வர்னாவின் ரைடர் வரிசை அப்படிப்பட்டது. நடுவில் மடிந்து திரும்பும், நான்கு சக்கர இழுவை உள்ள மாடல்களும் உண்டு. வெட்டும் இடம் ஓட்டுபவரின் கண்ணெதிரே இருப்பதால் கல்லையும் குழாயையும் முன்கூட்டியே பார்த்துவிடலாம். விலை கூடுதல். பெல்ட்டும் பிளேடும் ஊரில் கிடைக்குமா என்று கேட்டு, கையிருப்பைக் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

முட்டுக்காடு தென்னந்தோப்புக்காரர்:

தாம்பரம் நண்பர் வெட்டிவேர் நடச் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையால் தள்ளும் வண்டியே போதும் என்பதை, சித்திரை வெயிலில் ஒன்பது கிரவுண்டைத் தள்ளி முடிக்க வேண்டிய ஆளிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். எங்கள் தோட்டக்காரருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வண்டியில் உட்காருவது அவருக்கு ஆடம்பரமல்ல.

சிறுசேரி, அலுவலக வளாகப் பொறுப்பாளர்:

ஓட்டுபவரே இல்லாத வழியும் ஒன்று இருக்கிறது. நான்கு சக்கர இழுவை உள்ள ரோபோ புல்வெட்டிகளில் சில, நூற்றுக்கு எழுபது சரிவில், அதாவது 35 டிகிரியில்கூட ஏறும். சாதாரண ரைடிங் மோவருக்கு அது கனவிலும் முடியாது. கவிழ்ந்தாலும் அதன் மேல் ஆள் இல்லை. எங்கள் வளாகத்து மேட்டில் ஒன்று ஓடுகிறது. தினமும் நுனியை மட்டும் சீவுவதால் கல் தெறிப்பதும் அரிது.

ஆனால் எங்களுடையதற்கு எல்லை காட்டத் தரையில் கம்பி பதிக்க வேண்டும். பூச்செடி நட வந்தவரின் மண்வெட்டி அந்தக் கம்பியை அறுத்துவிட்டது. வண்டி மேட்டின் நடுவில் அப்படியே நின்றுபோக, கம்பியின் சிக்னல் இரைச்சல் எங்கே நிற்கிறது என்று கேட்க நாங்கள் ரேடியோ பெட்டியை வைத்துக்கொண்டு வேலியோரம் முழுவதும் குனிந்தபடி அறுந்த இடத்தைத் தேடினோம். பல்லாவரத்தில் பாறைக்கு மேல் அரையடி மண்தான் இருக்கும் என்றால், கம்பியைப் புதைக்காமல் தரையோடு ஆணியடித்துப் புல்லை அதன் மேல் படரவிடலாம். கிணற்றைச் சுற்றியும் ஒரு வளையம் கட்டாயம் போட்டுவிடுங்கள்.