யாழ்ப்பாணம் சென். பற்றிக்ஸ் கொலிஜில படிச்ச ஆக்கள், பற்றிக்ஸோட மோதின ஆக்கள் உங்கட கதையச் சொல்லுங்கோ

நாங்கள் சைவம், விபூதி பூசாம வீட்டால வெளிக்கிட ஏலாது. அப்பா என்னை யாழ்ப்பாணம் சென். பற்றிக்ஸில விடப்போறன் எண்டோன அம்மம்மா "பொடியன் வேதக்காரனாகிடுவான்" எண்டு ஒரே புறுபுறுப்பு. அவவிலயும் பிழையில்ல, அந்தப் பயத்திலதானே ஆறுமுக நாவலர் 1848ல வண்ணார்பண்ணையில சைவப்பிரகாச வித்தியாசாலையத் தொடங்கினவர், எங்கட கொலிஜ் 1850ல ஆண்கள் செமினறியா வந்து 1881லதான் பற்றிக்ஸ் ஆனது. ஆனா நான் படிக்கேக்க விபூதியை அழி எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. சமயபாட மணி அடிச்சா வகுப்பு ரெண்டாப் பிரியும், அவங்கள் கத்தோலிக்கம், நாங்கள் சைவநெறி, முடிய எல்லாரும் ஒரே வாங்கில. பகிடி என்னெண்டா எனக்கு இப்ப தேவாரம் பாதியில நிண்டிடும், "அருள் நிறைந்த மரியே" தண்ணிபட்ட பாடு 😄

——

நான் எதிர்க்கட்சி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி. எங்களுக்கு பற்றிக்ஸ் எண்டா பொன் அணிகளின் போர்தான், ரெண்டு கொலிஜும் மோதுற கிரிக்கெட் மச், மற்றதெல்லாம் பிறகு. பாண்ட் அடிச்சு அடிச்சு கை வீங்கும், ஸ்கோர் என்னெண்டு பாதிப்பேருக்குத் தெரியாது. ஒருக்கா உங்கட கொடிய அமத்திக்கொண்டு ஓடினனாங்கள், பின்னால துரத்தி வந்தவனில ஒருத்தன்தான் இப்ப என்ர மச்சான்.

——

அண்ணை, அப்ப கொடிய சீதனமாத் திருப்பிக் குடுத்தாச்சோ?

நான் மன்னார், போர்டிங் பொடியன். இரவு ஸ்ரடி நேரம் பாதர் ஒண்டும் பறையமாட்டார், அங்கி சரசரக்கிற சத்தம் மட்டும் வாங்குக்கு வாங்கு நகரும், கொப்பிக்குக் கீழ கதைப்புத்தகம் வச்சிருக்கிறவனுக்குப் பக்கத்தில வந்துதான் அது நிக்கும். அடி இல்ல, புத்தகத்த எடுத்து ரெண்டு பக்கம் நிண்டு வாசிச்சிட்டுத் திருப்பி வச்சிட்டுப் போவார், அதுதான் கூடக் கூச்சம்.

இன்னொண்டு, 1960ல உதவி பெற்ற பள்ளிக்கூடங்கள அரசாங்கம் எடுக்கேக்க பற்றிக்ஸ் தனியாரா நிண்டது. ஆனா அந்தச் சட்டப்படி பிள்ளையளிட்ட படிப்புக்காசும் வாங்கேலாது. அதுக்குள்ளயும் லாப், மைதானம், போர்டிங் எண்டு கொண்டு இழுத்ததை என்ன கணக்கில சேர்க்கிறது? ரிசல்ட்ஸ வச்சு ஹாட்லிக் கல்லூரியோட, யாழ் இந்துக் கல்லூரியோட ஒப்பிடுற ஆக்கள் இதுகள யோசிக்கிறேல்ல. இப்ப எந்தப் பள்ளிக்கூடமெண்டாலும் பிள்ளையள் ரெண்டு மணிக்கு ரியூட்டரிக்கு ஓடுதுகள், பிறகு ரிசல்ட் ஆற்ற எண்டு ரெண்டு இடமும் பனர் கட்டுது.

மேல எழுதின சைவ அண்ணை, நீங்கள் எந்த பச்?