மூச்சுத்தாளக் கணு: 'சுவாச மையம்' ஏன் போதாது?

அன்புடையீர்,

மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் மூச்சின் தாளத்தை உண்டாக்கும் நரம்பணுக் கூட்டத்துக்குத் தமிழில் புதுச்சொல் வேண்டாம், 'சுவாச மையம்' என்ற பழைய சொல்லே போதும் என்று நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் ஒரு பையனைப் பாயில் படுக்கவைத்து, நிமிடத்துக்கு எத்தனை முறை அவன் நெஞ்சு உயர்ந்து தாழ்கிறது என்று மற்றவர்களை எண்ணச் சொன்னேன். எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததுமே அவன் மூச்சு தாறுமாறானது. எழுந்து உட்கார்ந்தவன், "தூங்குறப்ப யாரு சார் மூச்சு விடச் சொல்றாங்க?" என்றான். மூளையில் ஒரு மையம் என்றேன். "டியூஷன் மையம் மாதிரியா?" என்று கேட்டான்.

சிரித்துவிட்டேன்; ஆனால் பிழை சொல்லில்தான் இருக்கிறது. மையம் என்றால் உத்தரவு பிறப்பிக்கும் ஓர் அலுவலகம் கண்முன் வருகிறது. மூச்சை ஆளும் நரம்பணுக்களோ முகுளத்திலும் அதற்கு மேலுள்ள பான்ஸ் என்ற மூளைத்தண்டுப் பகுதியிலும் பல கூட்டங்களாகப் பரவியிருக்கின்றன. நாம் பெயர் தேடுவது அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே. பிறந்து சில நாளே ஆன எலிகளின் மூளைத்தண்டிலிருந்து மெல்லிய துண்டை வெட்டித் தனியே வைத்தபோதும் அந்தக் கூட்டம் தாளத்தை விடாமல் எழுப்பியதை 1991இல் ஸ்மித், ஃபெல்ட்மன் முதலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 'முன்-பெட்சிங்கர்' என்ற அதன் ஆங்கிலப் பெயர், பக்கத்துப் பகுதிக்கு ஒரு ஜெர்மானிய ஒயின் போத்தலைப் பார்த்துச் சூட்டிய பெயரிலிருந்து வந்தது. அதை அப்படியே ஒலிபெயர்த்து நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

கோவில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் தாளம் போட்டபடி ஒரு சிறுவன் நிற்பான். எங்கே விரைவு, எங்கே நிதானம் என்று தீர்மானிப்பவன் அவனல்லன், ஆனால் தாளம் அவன் கையில் இருக்கிறது. இந்தக் கூட்டத்தின் வேலையும் ஏறக்குறைய அதுதான். இரத்தத்தில் கரியமில வாயு மிகுந்து அமிலத்தன்மை கூடினால் முகுளத்திலுள்ள உணர்விகள் தாளத்தை விரைவுபடுத்துகின்றன; உயிர்வளி குறைந்தால் கழுத்துத் தமனியருகே உள்ள உணர்விகள் தூண்டுகின்றன. பேசும்போதும் பாடும்போதும் மூச்சடக்கி முங்கும்போதும் பெருமூளைப் புறணி தாளத்தை மீறித் தசைகளைத் தானே இயக்குகிறது. எண்ணப்படுகிறோம் என்று உணர்ந்த மாணவனின் மூச்சு குழம்பியதற்கும் மூளையின் மேல்நிலைக் குறுக்கீடே காரணம்.

ஆகவே 'மூச்சுத்தாளக் கணு' என்பதை முன்மொழிகிறேன். 'மூச்சியக்கி' என்று இன்னொருவர் தந்ததும் அழகுதான். ஆனால் மருத்துவமனையில் அதைக் கேட்பவர் வென்டிலேட்டர் என்றே எண்ணுவார். 'தொகுதி' எனலாம் என்றால், எங்கள் ஊரில் அச்சொல் தேர்தல் நேரத்தில் படும் பாடு உங்களுக்குத் தெரியாததன்று. கணு என்பது இதயத்துடிப்பைத் தொடங்கும் பகுதிக்குப் பாடநூல்களில் ஏற்கெனவே வழங்குகிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறைக்கக்கூடாது: இதயத்தின் கணு தசையணுக்களால் ஆனது, நரம்புகளைத் துண்டித்தாலும் துடிக்கும், மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானமோ, கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் நரம்புகளிலிருந்து புறப்படும் நரம்பு அறுந்தால் அசையாது நின்றுவிடும். விளக்கவுரையில் இதைச் சேர்த்துவிட்டால் குழப்பம் வராது.

இதே கணுவிலிருந்துதான் பெருமூச்சும் பிறக்கிறது. துயரத்தில் மட்டுமன்று, சும்மா இருக்கும்போதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நம்மையறியாமல் ஓர் ஆழ்மூச்சு வந்து, சுருங்கிய நுரையீரல் நுண்ணறைகளை விரிக்கிறது. அதற்கு 'நெட்டுயிர்ப்பு' என்ற பழஞ்சொல் தயாராக இருக்கிறது. உணர்ச்சியால் வருவதைப் பெருமூச்சு என்றும், உடல் தானாக எடுப்பதை நெட்டுயிர்ப்பு என்றும் பிரித்து ஆளலாமா என்பதைத் தமிழாசிரியர்கள் சொல்ல வேண்டும். வெளிமூச்சின்போது மற்ற நரம்பணுக்களை அடக்கும் பக்கத்துப் பகுதிக்கு 'வெளிமூச்சுக் கணு' என்பதைத் தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். அதில் எனக்கே முழு நிறைவில்லை, இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.