இரட்டைப் பிம்பம்: தலையை மாற்றுவதா, முப்பட்டகத்தைத் திருத்துவதா?

மேலூர் ஆசிரியர்:
இரு கண்களாலும் பார்க்கும் பழைய பைனாகுலர் நுண்ணோக்கியில் பிம்பம் இரண்டாகத் தெரிந்தால், ஒளியை இரு குழாய்களுக்கும் அனுப்பும் முப்பட்டகத்தைத் தொடவே கூடாது, அந்தக் குழாய்கள் உள்ள மேல்பகுதியான தலையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுத் தலை வாங்குவதுதான் ஒரே வழி என்று திருமங்கலத்து நண்பர் நேற்று இங்கே எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. எங்கள் பள்ளியில் இருக்கும் லைட்ஸ் (Leitz) நிறுவனத்தின் பழைய கருவி, மேசை சாய்ந்து கீழே விழுந்த அன்று இதே நிலைக்குத்தான் வந்தது. தலையின் அடித்தகட்டைத் திறந்தபோது, முப்பட்டகங்களில் ஒன்று தன்னைப் பிடித்திருந்த தகட்டின் கீழ் சற்றே நகர்ந்திருந்தது. மூன்று மாலைப்பொழுதுகள் செலவிட்டு அதைத் தன் இடத்தில் நிறுத்தினேன். இன்று மாணவர்கள் வெங்காயத் தோலை இரு கண்களாலும் ஒரே பிம்பமாகப் பார்க்கிறார்கள். தூக்கி எறிந்திருந்தால் அதைப் போன்ற இன்னொரு கருவியைப் பள்ளிக்கு யார் வாங்கித் தருவார்கள்?

திருமங்கலம் ஆய்வகம்:
ஆசிரியர் ஐயா, வெங்காயத் தோலை ஐந்து நிமிடம் பார்ப்பவருக்கு எந்தத் தலையும் போதும். நான் காலை ஏழு மணி முதல் மதியம் வரை இரத்தப் பூச்சுகளைப் பார்க்கிறேன். ஒரு பிம்பம் மேலும் மற்றொன்று கீழுமாக இருந்தால், பத்து மணிக்கே நெற்றிப்பொட்டு தெறிக்கிறது. மையம் விலகியதை நானே சோதித்தேன். பத்து மடங்கிலிருந்து நாற்பது மடங்குக்குத் திருப்பியபோது, நடுவில் நின்ற செல் ஓரத்துக்கு ஓடிவிட்டது. தலை கெட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

சிம்மக்கல் பட்டறை:
முதலில் ஒன்றைக் கேட்கிறேன். எந்தக் கண்ணருகு லென்ஸை வைத்துச் சோதித்தீர்கள்? அளவுப் பிரிவுகளோடு குறுக்குக் கம்பி உள்ள ஒரே லென்ஸை முதலில் இடக்குழாயில் வைத்து, மேடையில் உள்ள ஒரு தூசுப் புள்ளியைக் கம்பிகள் வெட்டும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மேடையைத் தொடாமல் அதே லென்ஸை வலக்குழாய்க்கு மாற்றி, புள்ளி எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதே லென்ஸ் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு லென்ஸ்களை வைத்தால், விலகல் தலையில் உள்ளதா லென்ஸில் உள்ளதா என்பது கடைசி வரை தெரியாது. அந்த ஒரு லென்ஸையும் குழாய்க்குள்ளேயே சுழற்றிப் பார்த்து, கம்பிகளின் மையம் அலையவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். நீங்கள் கூறிய செல் ஓடியது பொருளருகு லென்ஸ்கள் ஒன்றுக்கொன்று மையம் ஒவ்வாததால். அந்த விலகல் இரு கண்களுக்கும் சேர்ந்தே தெரியும், அதனால் பிம்பம் இரண்டாகாது.

திருமங்கலம் ஆய்வகம்:
ஒரே பெட்டியில் வந்த ஜோடியை வைத்துத்தான் பார்த்தேன். இரண்டும் பத்து மடங்கு, ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு. மையம் என்றால் மையம்தான். அதில் உங்கள் மையம், என் மையம் என்று இரண்டு கிடையாது.

சிம்மக்கல் பட்டறை:
ஜோடி அல்ல, ஒரே லென்ஸ் என்றேன். நம் கண்கள் உள்நோக்கித் திரும்புவதைப் பொறுத்துக்கொள்ளும், வெளிநோக்கி விரிவதை அவ்வளவாகப் பொறுக்காது, மேல்கீழ் விலகலை ஏறத்தாழப் பொறுக்கவே பொறுக்காது. ஆகவே மேல்கீழாக எத்தனை பிரிவு விலகியிருக்கிறது என்ற அளவு தெரியாமல் முப்பட்டகத்தைத் தொடுவதும் தவறு, தலையை எறிவதும் தவறு. இரு குழாய்களுக்கும் இடையே உள்ள கண் இடைவெளியைக் குறுக்கியும் விரித்தும் இதே சோதனையைச் செய்யுங்கள். எல்லா இடைவெளியிலும் விலகல் மாறாமல் இருந்தால் முப்பட்டகம் நகர்ந்திருக்கிறது. இடைவெளிக்கு ஏற்ப மாறினால் தலையின் கீல் அச்சே கோணியிருக்கிறது, அது கடினமான வேலை. இத்தனையும் ஒரே கண்ணருகு லென்ஸை வைத்துத்தான் தெரியவரும்.

அழகர்கோவில் சாலைச் சேகரிப்பாளர்:
பழைய லைட்ஸ் கருவிகளின் குழாய் நீளம், அதாவது பொருளருகு லென்ஸ் மாட்டும் இடத்திலிருந்து கண்ணருகு லென்ஸ் அமரும் இடம் வரையுள்ள தூரம், 170 மி.மீ. என்பதை யாரும் பேசவில்லை. மற்ற பல நிறுவனங்களின் அளவு 160 மி.மீ. பொருளருகு லென்ஸின் மரை 20.32 மி.மீ. விட்டத்தில் பொதுவாக இருப்பதால் எதுவும் எதிலும் ஏறிவிடும். ஆனால் எண்ணெய் இடாமல் பயன்படுத்தும் நாற்பது மடங்கு உலர் லென்ஸை வேற்று நீளத்தில் வைத்தால் பிம்பத்தின் கூர்மை குறையும். பார்க்கும் பொருளை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் தடிமன் 0.17 மி.மீட்டரிலிருந்து பிசகினால் என்ன ஆகுமோ அதுவே ஆகும். கண்ட தலையை வாங்கி மாட்டுகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. மேலூர் ஆசிரியரும் போன ஆண்டு என் சொல்லைக் கேட்கவில்லை. அவர் பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தது, உண்மையில் ஒட்டுலென்ஸின் கண்ணாடிகளை ஒட்டும் பிசினான கனடா பால்சம் பிரிந்திருந்தது.

மேலூர் ஆசிரியர்:
அதைப் பூஞ்சை என்று முதலில் சொன்னவரே நீங்கள்தான் ஐயா. வானவில் நிறத்தில் திட்டுகள் தெரிகின்றன, கிளைவிடும் இழைகள் எவையும் இல்லை என்று நான் படத்துடன் எழுதியிருந்தேன். சைலீன் என்ற கரைப்பான் பால்சத்தையும் கரைக்கும் என்பதை அறியாமல் அதில் ஊற வைக்கச் சொன்னீர்கள். அந்த லென்ஸ் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது, மறக்கவில்லை.

அழகர்கோவில் சாலைச் சேகரிப்பாளர்:
துடைக்கத்தான் சொன்னேன், ஊற வைக்கச் சொல்லவில்லை. சொல்லாததை என் தலையில் கட்டாதீர்கள்.

சிம்மக்கல் பட்டறை:
பால்சம் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடமும் கேட்கிறேன். மூன்று மாலைகளும் எந்த லென்ஸை வைத்துத் திருத்தினீர்கள்? இரு கண்ணாலும் பார்த்து, பிம்பங்கள் சேர்ந்துவிட்டன என்று நிறுத்தினீர்களா? அப்படியென்றால் சேர்ந்தது உங்கள் கண்கள்தான், கருவி அல்ல. கண் இழுத்துக்கொடுக்கும், குறுக்குக் கம்பி இழுத்துக்கொடுக்காது. முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இப்படித் திருத்தப்பட்ட தலைகளை எத்தனையோ முறை மறுபடி பிரித்திருக்கிறேன்.

மேலூர் ஆசிரியர்:
நாற்பது மாணவர்கள் பார்த்தார்கள். ஒருவருக்கும் இரண்டாகத் தெரியவில்லை. நாற்பது பேரின் கண்களும் பொய் சொல்லுமா? என் திருத்தத்தைக் குறை சொல்பவர் ஒரு நாள் வந்து நேரில் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

திருமங்கலம் ஆய்வகம்:
நான் அறிவியல் கருவிகள் செய்யும் ஊரான அம்பாலாவில் புதுத் தலைக்குப் பணம் கட்டிவிட்டேன். அடுத்த வாரம் வந்துவிடும். வந்ததும் ஜோடி லென்ஸைப் போட்டுத்தான் பார்ப்பேன், ஏனென்றால் நான் நாள் முழுவதும் வேலை செய்யப்போவது ஜோடியை வைத்துத்தான்.

சேகரிப்பாளர், குழாய் நீளத்தைக் கேட்டீர்களா என்று உடனே எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை.

சிம்மக்கல் பட்டறை:
புதுத் தலையும் வழியில் குலுங்கித்தான் வரும். பழைய தலையை எறிய வேண்டாம், பெட்டியில் வையுங்கள். இரண்டையும் ஒரே கண்ணருகு லென்ஸை வைத்துச் சோதித்து, புள்ளி எத்தனை பிரிவு தள்ளி நின்றது என்ற இரண்டு எண்களை மட்டும் இங்கே எழுதுங்கள். நான் முதலில் கேட்ட கேள்விக்கு இந்த நேரம் வரை ஒருவரும் ஓர் எண்ணைக்கூடத் தரவில்லை.