மறு: போர்க்கால உடை வடிவமைப்பு – 'ஆஸ்டெரிட்டி' தமிழில்?

> 'சிக்கன உடை' என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். போர்க்காலத் தட்டுப்பாட்டுக்குள் உடை வடிவமைத்ததை ஆங்கிலத்தில் 'ஆஸ்டெரிட்டி' என்கிறார்கள், அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். பீரோ நிறையத் துணி இருந்தும் அளந்து செலவு செய்தால் அது சிக்கனம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் 1 அன்று துணிக்குக் கூப்பன் முறை வந்தது. முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன். கம்பளிக் கவுன் ஒன்று எடுத்தாலே 11 போய்விடும். அடுத்த ஆண்டு, ஓர் உடையில் எத்தனை பொத்தான், எத்தனை மடிப்பு என்பதற்கும் அரசு வரம்பு போட்டது. அந்த வரம்புக்குள் உட்கார்ந்து உடை வரைந்த பியாங்கா மொஸ்கா போன்ற பெண்கள் விரும்பியா சிக்கனம் பிடித்தார்கள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'யுட்டிலிட்டி' வேறு, 'ஆஸ்டெரிட்டி' வேறு. முன்னது சிசி41 முத்திரை குத்தி, தரத்தையும் விலையையும் கட்டுக்குள் வைத்த அரசுத் திட்டம். அதற்குப் 'பயனுடை' போதும். பின்னது, மேலே சொன்ன பொத்தான், மடிப்பு வரம்பு. நம் சிக்கல் அதில்தான்.

> அக்கா, நம்மூர்ப் பெரியவர்கள் 'கன்ட்ரோல் துணி' என்பார்களே?

ஆமாம் தம்பி. 1943-இல் இங்கேயும் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எங்கள் அப்பத்தா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். ஆனால் அது சர்க்கார் பக்கத்துச் சொல். கத்தரி பிடித்தவளின் கெட்டிக்காரத்தனம் அதில் தெரியவில்லை.

அது தெரிகிற சொல் எனக்கு மதுரைப் புதுமண்டபத்தில் கிடைத்தது. தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். 80 சென்டிமீட்டர் பிட்டைக் கொடுத்துவிட்டு, முழங்கை வரை கை வேண்டும் என்று அடம்பிடித்தேன். அளவு ஜாக்கெட்டை அதன்மேல் வைத்துப் பார்த்த தையல்காரர், "பத்தாதும்மா" என்றார். அப்புறம் அவரே, "சரி, விடுங்க, அடக்கி வெட்டித் தர்றேன்" என்றார். முதுகுத் துண்டை மடிப்பில் வைத்தார். கை இரண்டையும் தலைமாற்றிப் போட்டார், ஒன்றின் வளைவு இன்னொன்றின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. கழுத்து வெட்டியதில் விழுந்த துண்டு பட்டிக்குப் போனது. அக்குளில் மட்டும் விரலகலத்துக்கு ஒட்டு. கையைத் தூக்கினால்தான் தெரியும். கீழே கிடந்த கழிவு ஒரு கைப்பிடிகூட இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: வெட்டும் முறைக்கு 'அடக்கவெட்டு', வரைபவரின் வேலைக்கு 'அடக்க வடிவமைப்பு'. அடக்கம் என்றால் சுடுகாடு நினைவுக்கு வருகிறது என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். 'அடக்க விலை' என்று கடைத்தெருவில் நாள் முழுக்கச் சொல்கிறோம், யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. பணிவு என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொள்ளும். அதுதான் எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. பெண்கள் உடை என்றதுமே அடக்க ஒடுக்கம் பேச நம்மிடம் ஆளுக்கா பஞ்சம்?

பழையதைப் பிரித்து, ஒட்டுப்போட்டு உடுத்தச் சொல்லி 1943-இல் பிரிட்டிஷ் வர்த்தகத் துறை ஒரு கையேடு போட்டதே, அது இதில் சேராது. அதற்கு 'ஒட்டுத்தையல்' என்று தனியாக வைக்கலாம்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அமெரிக்காவில் கிளேர் மெக்கார்டெல் என்ற வடிவமைப்பாளர். 1943-இல் அங்கே தோல் செருப்புக்கும் ரேஷன் வந்தது. பாலே நடனக் காலணிக்கு ரேஷன் இல்லை. அவர் நடனக் காலணி செய்யும் கேப்பிசியோ நிறுவனத்திடம் போய், அதற்கே வெளியில் போகத் தோதான அடி வைக்கச் சொல்லி, துணி போர்த்தித் தன் உடைகளோடு சேர்த்துக் காட்டினார். இருந்ததை அடக்கி வெட்டியதாக இதைச் சொல்ல முடியாது. தடை இல்லாத பொருளைத் தேடிப் பிடித்திருக்கிறார். 'அடக்க வடிவமைப்பு' இதைத் தாங்குமா என்பது எனக்கே சந்தேகம். 'மாற்றுப்பொருள் வடிவமைப்பு' என்றால் பாடப்புத்தக வாடை அடிக்கிறது. இதற்கு உங்கள் பக்கத்துத் தையல் கடைகளில் ஏதாவது சொல் இருந்தால் எழுதுங்கள்.

'பயனுடை'க்கு மட்டும் மறுப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நம் கலைச்சொல் தொகுப்பில் ஏற்றிவிடுகிறேன்.