400 ரோலை 1600-க்குப் புஷ் செய்தால் தூண் தெரியுமா?

மாடவீதி: மயிலாப்பூர் பங்குனித் திருவிழாவில் ராத்திரி எடுத்த படம் இது. ஹெச்பி5 பிளஸ் என்ற 400 வேகக் கறுப்பு வெள்ளை ஃபிலிம், வெளிச்சம் அளக்கும் மீட்டரை 1600-இல் வைத்து எடுத்தேன். வீட்டிலேயே மைக்ரோஃபென் என்ற டெவலப்பரில் 20 டிகிரியில் 11 நிமிடம் கழுவினேன், வழக்கத்தைவிட அதிக நேரம்; புஷ் என்பது இதுதான். 400 ரோலை 1600 ரோலாகவே மாற்றிவிடலாம், ஒன்றும் குறையாது. டெல்டா 3200 என்ற அதிவேக ஃபிலிமை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

ஹைப்போ தாத்தா: ஒன்றும் குறையாதா? நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் ஒரு தூண் இருக்கிறதே, அதில் என்ன தெரிகிறது? மை. முன்னால் அவர் வேட்டியோ சுண்ணாம்பு அடித்த சுவர். 1600 என்று வைத்தால் ஃபிலிமுக்குக் கிடைப்பது கால் பங்கு வெளிச்சம். புஷ் என்பது வெளிச்சம் பட்ட இடத்தை இன்னும் தடிப்பாக்கும், அவ்வளவுதான். படாத இடத்தை ஒரு மணி நேரம் ஊறப்போட்டாலும் ஃபாக் என்ற மங்கல்தான் ஏறும். முப்பது வருஷம் ஸ்டூடியோவில் ரோல் கழுவிய கை இது.

மாடவீதி: தூண் நன்றாகவே தெரிகிறது சார். போனில் பிரைட்னஸை ஏற்றிப் பாருங்கள்.

ஹைப்போ தாத்தா: ஓகோ, டெவலப்பருக்கு வேலை முடிந்ததும் மிச்சத்தை போன் பார்த்துக்கொள்ளுமா?

வெள்ளித்துகள்: ரெண்டு பேரும் ‘வேகம்’ என்பதை வேறு வேறு அர்த்தத்தில் சொல்கிறீர்கள். ஐஎஸ்ஓ வேகம் நிழல் பகுதியை வைத்து அளப்பது: அடிப்படை ஃபாகுக்கு மேல் 0.1 அடர்த்தி எங்கே வருகிறது என்று பார்ப்பார்கள். மீட்டரில் நாம் வைக்கும் 1600 வெறும் ஈஐ, நாமாகத் தேர்ந்தெடுத்த எண். இதைப் பிரித்துக்கொண்டால் சண்டையே இல்லை.

ஹைப்போ தாத்தா: 0.1 கிடக்கட்டும் தம்பி. தூண்?

மாடவீதி: டெல்டா 3200-இன் சொந்த வேகமே 1000 பக்கம்தான். டப்பாவில் 3200 என்று அச்சடித்து விற்கிறார்கள், அதுவும் புஷ்தானே? கம்பெனி செய்தால் விஞ்ஞானம், நான் செய்தால் மையா?

ஹைப்போ தாத்தா: 1000-க்கும் 400-க்கும் நடுவே ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் இருக்கிறது; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு. அந்த ஒன்றேகாலில்தான் உங்கள் தூண் தொலைந்துபோனது.

குழாயடி: எனக்கு வேறொரு சந்தேகம். பங்குனியில் சென்னைக் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டுமே, 20 டிகிரி எங்கிருந்து வந்தது? ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போட்டாரோ?

மாடவீதி: பேசினில் ஐஸ், அதற்குள் ஃபிலிம் கழுவும் டாங்க். இதுகூடத் தெரியாதவரெல்லாம் ரோல் கழுவ வந்தாயிற்று.

குழாயடி: நான் 24-இல் வைத்து ஏழரை நிமிடத்தில் முடித்துவிடுவேன். ஐஸும் வேண்டாம், அம்மாவிடம் திட்டும் வேண்டாம். அப்புறம், போன வருஷம் என்னிடம் வாங்கிப்போன, டாங்குக்குள் ஃபிலிமைச் சுற்றும் ரீல் ரெண்டும் எப்போது வரும்?

மாடவீதி: ஒன்றில் ஃபிலிமைப் பிடிக்கும் குண்டுமணி ஒட்டிக்கொள்கிறது என்று அப்போதே சொன்னேன்.

குழாயடி: ரீல் ஈரமாக இருக்கும்போது ஃபிலிமை ஏற்றினால் ஒட்டத்தான் செய்யும்.

ஹைப்போ தாத்தா: ரீலை விடுங்கள். டாங்கை எப்படி ஆட்டினீர்கள் மாடவீதி? நிமிடத்துக்கு நாலு முறை கவிழ்த்தீர்களா, ஜூஸ் போடுவது போல் விடாமல் குலுக்கினீர்களா? வேட்டி வெளுத்த வெளுப்பைப் பார்த்தால் ரெண்டாவதுதான். தூணுக்கு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை.

மாடவீதி: நாலு முறைதான். மைக்ரோஃபெனில் ஃபெனிடோன் என்ற ரசாயனம் இருக்கிறது, நிழலில் அரை ஸ்டாப் கூடக் கிடைக்கும். உங்கள் ஸ்டூடியோ காலத்தோடு நிற்காதீர்கள்.

ஹைப்போ தாத்தா: அரை ஸ்டாப்! நானும் அதைத்தான் சொல்கிறேன். கேட்டது ரெண்டு, கிடைத்தது அரை. மிச்ச ஒன்றரைக்கு தூண் ஜாமீன்.

வெள்ளித்துகள்: கல்யாண வீட்டிலும் கச்சேரியிலும் வேறு வழியில்லாமல் புஷ் செய்கிறோம். முகம் வந்தால் போதாதா?

ஹைப்போ தாத்தா: போதும். ‘ஒன்றும் குறையாது’ என்று எழுதியவரிடம் சொல்லுங்கள்.

தெப்பக்குளம்: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும், அன்று நானும் அங்கே நின்றிருந்தேன். அது தூணே இல்லை. மடக்கிச் சாத்தி வைத்த திருக்குடை.

ஹைப்போ தாத்தா: ஆஹா! எடுத்தவரே இத்தனை நேரமாகத் ‘தூண் நன்றாகத் தெரிகிறது’ என்றாரே!

மாடவீதி: குடைதான், எனக்கு முதலிலேயே தெரியும். நீங்கள் தூண் என்றதால் நானும் அப்படியே சொன்னேன். இப்போது நெகடிவை லைட் பாக்ஸில் வைத்து லூப் என்ற பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். துணி மடிப்புகூடத் தெரிகிறது.

ஹைப்போ தாத்தா: எத்தனை மடிப்பு?