பூட்டிக் கிடக்கும் ஏற்காடு வீட்டுக் குழாய்: திறந்ததும் குளிக்கலாமா?

சேலத்துக்காரன்:
ஏற்காட்டு வீட்டுக்கு வருஷத்தில் மூணு நாலு தடவைதான் போகிறோம். மாடியில் 500 லிட்டர் டேங்க், 15 லிட்டர் கீசர், பழைய ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) குழாய். குழாயைத் திறந்தால் செம்மண் நிறத் தண்ணீர், வெந்நீரில் மட்டும் அழுகின முட்டை வாடை. அம்மாவுக்கு ஆஸ்துமா. என்ன செய்யணும்?

மலைத்தண்ணி:
முதல் நாள் அம்மாவை ஷவர் பக்கம் விடாதீங்க. தேங்கின தண்ணீரில் 20 முதல் 45 டிகிரி சூட்டில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். அந்தச் சாரலை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரலாம். நுரையீரல் பலவீனமானவங்களுக்கு ஆபத்து அதிகம்.

ஜன்னலைத் திறந்து வச்சு, ஷவர் தலையைக் கழற்றுங்க. கழலவில்லையா, பிளாஸ்டிக் பையை இறுகக் கட்டி அடிமூலையைக் கத்தரிச்சு விடுங்க, சாரல் பறக்காது. ஒவ்வொரு குழாயும் மெதுவாக 5 நிமிஷம் ஓடட்டும். பிறகு கீசரை 60 டிகிரிக்கு மேல் வச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு வெந்நீர்க் குழாய் எல்லாத்திலும் விடுங்க. கை வைக்காதீங்க, வெந்துபோகும்.

டேங்கின் அடிச்சேற்றைத் தேய்ச்சுக் கழுவிட்டு நிரப்புங்க. 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 85 கிராம், வாளித் தண்ணீரில் கரைச்சு, சுண்ணாம்பு படிஞ்சதும் தெளிவை மட்டும் ஊத்துங்க. கீசருக்குப் போகும் வால்வை மூடிட்டு, குளோரின் வாடை வரும்வரை ஒவ்வொரு குளிர்நீர்க் குழாயையும் திறந்து மூடி, 4 மணி நேரம் விடுங்க. அப்புறம் காலி செஞ்சு இரண்டு முறை அலசுங்க. அந்தத் தண்ணீர் காபிச் செடி, மிளகுக் கொடி வேருக்குப் போகக் கூடாது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேரவே கூடாது, விஷ வாயு வரும்.

குழாய்க்காரர்:
வெந்நீரில் மட்டும் வாடைன்னா குற்றம் கீசருக்குள்ளேதான். உள்ளே டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க வச்சிருக்கும் மெக்னீசியம் கம்பியும் பாக்டீரியாவும் சேர்ந்து உண்டாக்கும் வாயு அது. மேலே சொன்ன சூடாக்கலில் அடங்கலைன்னா அலுமினியம்-துத்தநாகக் கம்பி மாத்துங்க. செம்மண் நிறம் இரண்டு நிமிஷத்தில் தெளிஞ்சா குழாய்த் துரு. தெளியலைன்னா டேங்க் சேறு.

இன்னொன்று பாருங்க: பழைய வாஷ்பேசினை எடுத்துட்டு முனையில் மூடி போட்ட குழாய் சுவருக்குள்ளே நிக்குதா? எத்தனை கழுவினாலும் அங்கே தண்ணீர் அசையாது. அது பிரியும் T வடிவ இணைப்பிலேயே வெட்டி அடைச்சிடுங்க.

சேலத்துக்காரன்:
கிளம்பும்போது?

மலைத்தண்ணி:
கரண்ட்டை அணைச்சு, ஆறினதும் கீசரைக் காலி செய்யுங்க. திரும்ப வரும்போது நிரம்பி, குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் சுவிட்ச். இல்லைன்னா காயில் கருகும். தோட்டக்காரர் சாவி வச்சிருந்தா வாரம் ஒரு தரம் எல்லாக் குழாயையும் 5 நிமிஷம் திறந்துவிடச் சொல்லுங்க.